வாழைத்தாரா, கொப்பரையா, பன்றியா: 1913இல் தீவு பார்க்க எந்தக் கப்பலில் ஏறுவது?

நூறு வருடத்துக்கு முந்தைய கப்பல் கம்பெனி விளம்பரங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தால் எது கரீபியன், எது பசிபிக், எது ஜாவா என்று சட்டென்று சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் சாய்ந்த ஒரு தென்னை, பின்னால் நிலா, தூரத்தில் வெள்ளையாக ஒரு நீராவிக் கப்பல். இந்த விளம்பரங்களைப் பல வருடமாகச் சேர்த்து வருகிறேன். இந்தப் பயணங்களைப் பிரித்துக் காட்டுவது படத்தில் இல்லாத ஒரு விஷயம் என்று எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. கப்பலின் அடிவயிற்றில், அந்தச் சரக்கறையில், என்ன இருந்தது? வாழைத்தாரா, கொப்பரையா, பன்றியா, அல்லது ஒன்றுமே இல்லையா? எந்தத் துறையில் நிற்கும், எத்தனை மணி நேரம் நிற்கும், அறைக்குள் என்ன வாடை வரும், பக்கத்தில் யார் படுத்திருப்பார்கள் என்பதையெல்லாம் சரக்குதான் முடிவு செய்தது. பயணச் சீட்டில் அது அச்சாகியிருக்காது, அவ்வளவுதான்.

சரி, 1913 என்று வைத்துக்கொள்வோம். ஏன் அந்த வருடம்? அடுத்த வருடம் ஆகஸ்டில் போர் வந்து, உல்லாசக் கப்பல்கள் துறைகளில் முடங்கின, இல்லையென்றால் படைக்குப் போயின. பத்து வருடம் பின்னால் போனாலோ பல கரீபியத் துறைகளில் மஞ்சள் காய்ச்சல் பயம். பாலியின் தெற்குப் பகுதி அப்போது டச்சுக்காரர் கைக்குப் போகவில்லை. ஆக்லாந்திலிருந்து தீவுகளுக்கு ஓடிய ‘டோஃபுவா’ கப்பல் அப்போது கட்டப்படவே இல்லை. 1913இல்தான் எல்லா வழிகளும் ஒரே சமயத்தில் திறந்திருந்தன. கையில் ஒரு மாதமோ ஆறு வாரமோ இருக்கிறது, நல்ல அறைக்குச் சீட்டு வாங்கும் வசதியும் இருக்கிறது என்றால், எதில் ஏறியிருக்க வேண்டும்?

முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். அதனால் அங்கே உல்லாசப் பயணம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரைதான். நியூயார்க்கில் பனி கொட்டும் மாதங்களும் அவையே என்பதால் கம்பெனிகளுக்கு இரட்டை லாபம். தென் பசிபிக்கில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல். மே மாதம் பிறந்தால் வானம் தெளியும், நியூசிலாந்துக்காரர்களுக்குக் குளிரும் தொடங்கும். ஜாவாவும் பாலியும் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் புயல் அங்கே எட்டுவது அரிது, நவம்பர் முதல் மார்ச் வரை மழை மட்டும் கொட்டும். ஆக, ஜனவரியில்தான் விடுப்பு என்றால் கரீபியன். ஜூன், ஜூலை என்றால் மற்ற இரண்டும் கைக்கு எட்டும்.

ஹவாயை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஆறு நாள்தான், மேட்சன் கம்பெனியின் ‘வில்ஹெல்மினா’ 1910இலிருந்து நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வைகிக்கி கடற்கரையில் மோவானா ஹோட்டல் 1901இலேயே திறந்தாகிவிட்டது. ஆனால் அது ஹோட்டலில் தங்கப் போகும் பயணம், கப்பல் வெறும் வண்டி. தீவு தீவாகக் கப்பலிலேயே போய் இறங்கி ஏறும் பயணத்தைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

சரக்கே இல்லாத கப்பலிலிருந்து தொடங்கலாம். ஹாம்புர்க்-அமெரிக்கா கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடக்க ஆள் இல்லாமல் கப்பல்கள் சும்மா கிடப்பதைப் பார்த்து, 1891இல் ஒன்றை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். அது பலித்துவிட, உல்லாசத்துக்கென்றே ஒரு கப்பல் கட்டினார். ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’ என்று பெயர், 1900இல் நீரில் இறங்கியது. 120 அறைகள், எல்லாம் முதல் வகுப்பு. உடற்பயிற்சிக் கூடம், நூலகம், பயணிகள் தாங்கள் எடுத்த படங்களைத் தாங்களே கழுவிக்கொள்ள ஓர் இருட்டறை. 1901 தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. 1906 டிசம்பர் 16 இரவு, ஜமைக்காவில் போர்ட் ராயல் அருகே, ஒரு கலங்கரை விளக்கத்தை இன்னொன்றாக நினைத்துப் பாறையில் மோதி நின்றது. பயணிகள் அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள். கேப்டன் தன் அறைக்குப் போய்த் தன்னைச் சுட்டுக்கொண்டார். நான்கு வாரம் கழித்து, 1907 ஜனவரி 14 அன்று, எதிரே இருந்த கிங்ஸ்டன் நகரமே நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அழிந்தது.

1913இல் அதன் இடத்தில் ஓடியது ‘விக்டோரியா லூயிசே’. முன்பு ‘டாய்ச்லாண்ட்’ என்ற பெயரில் அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடந்த கப்பல். அந்த வேகத்தில் உடம்பெல்லாம் அதிர்ந்து ஆடியதால் அட்லாண்டிக் ஓட்டத்தில் நல்ல பெயர் எடுக்கவில்லை. 1911இல் வேகத்தைக் குறைத்து, வெள்ளைச் சாயம் அடித்து, உல்லாசக் கப்பலாக மாற்றினார்கள். 487 பேர், அனைவரும் முதல் வகுப்பு. உணவும் இசையும் அறைகளும் இந்த ஒப்பீட்டில் வேறு எந்தக் கப்பலுக்கும் கிடைக்காத தரம். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் 487 பேர் ஒரு சிறிய துறையில் ஒரே காலையில் இறங்கினால் என்ன ஆகும்? படகுக்கு வரிசை, குதிரை வண்டிக்கு வரிசை, ஹோட்டல் வராந்தாவில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசை, நாலு மணிக்குத் திரும்ப வேண்டும். துறையில் இந்தக் கப்பலுக்கு வேறு வேலை எதுவும் கிடையாது. ஊர்க்காரருக்கும் இதனிடம் வேலை கிடையாது, விற்கவும் கையேந்தவும் மட்டும் முடியும். மேல்தட்டிலிருந்து தண்ணீரில் காசு எறிந்து, சிறுவர்கள் முங்கி எடுப்பதைப் பார்ப்பது அந்தக் காலத்து வேடிக்கை. அந்தப் படங்களை என்னால் ரசித்துப் பார்க்க முடிந்ததில்லை. மார்த்தினிக்கில் பெலே எரிமலை 1902 மே 8 அன்று செயின்ட் பியர் நகரத்தை ஏறக்குறைய 30,000 உயிர்களோடு எரித்தது. அதன் பிறகு அந்த இடிபாடும் பார்க்க வேண்டிய இடமாகிவிட்டது. அதே தீவின் கரும்புத் தோட்டங்களில் 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பிள்ளைகள் மாரியம்மனுக்குப் பொங்கலிட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நாலு மணிக்குக் கப்பலுக்குத் திரும்ப வேண்டியவர் அவர்களைச் சந்தித்திருக்க வாய்ப்பே இல்லை.

இதே கடலில், இதே மாதங்களில், இன்னொரு வெள்ளைக் கப்பல் கூட்டம் ஓடியது. யுனைடெட் ஃபுரூட் கம்பெனியுடையது. வெள்ளைச் சாயம் அழகுக்காக மட்டும் பூசியதல்ல. வெயிலைத் திருப்பியடித்து வாழைப்பழத்தைக் குளிர்ச்சியாக வைக்கத்தான் முதலில் பூசினார்கள். கதை 1870இல் தொடங்குகிறது. லொரென்சோ டௌ பேக்கர் என்ற பாய்மரக் கப்பல் கேப்டன் ஜமைக்காவிலிருந்து 160 தார் வாங்கிப் போய் அமெரிக்காவில் நல்ல விலைக்கு விற்றார். அந்த வியாபாரம் பெருகி 1899இல் இந்தக் கம்பெனியானது. 1904 முதல் குளிர்பதனம் உள்ள கப்பல்கள் வந்தன. சரக்கறை எப்போதும் ஏறக்குறைய 13 டிகிரியில் இருக்க வேண்டும். அதைவிடக் குளிர்ந்தால் காய் கறுத்துவிடும், சூடேறினால் வழியிலேயே பழுத்துவிடும். மேலே ஏறக்குறைய நூறு பயணிகள். வாழைதான் விருந்தாளி, பயணி ஒரு தொல்லை என்று மாலுமிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்களாம். அதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பயணிகளுக்காக எதையும் நடித்துக் காட்டாத கப்பல் அது.

ஜமைக்காவில் தார் ஏற்றுவது பெரும்பாலும் இரவில். பச்சைத் தார்களைப் பெண்கள் தலையில் சுமந்து ஓட்டமும் நடையுமாகக் கரையிலிருந்து கப்பலுக்குள் போவார்கள், வாசலில் ஒருவர் எண்ணிக்கொண்டே நிற்பார். ஒன்பது சீப்பு இருந்தால்தான் முழுத் தார், குறைந்தால் விலையும் குறையும். பேக்கருக்கு வாழை தந்த போர்ட் அன்டோனியோவில் விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய இது நடக்கும். பயணியும் கைப்பிடியில் சாய்ந்து பார்க்கலாம். ஓர் ஊரின் பிழைப்பு கண்முன்னே நகர்வதைப் பார்ப்பது பேண்டு வாத்தியம் கேட்பதைவிட எத்தனையோ மேல் என்பது என் எண்ணம். வாழையோடு போவதில் ஒரு சங்கடம் உண்டு, அவசரம். வெட்டிய தார் காத்திருக்காது. கடைசித் தார் ஏறியதும் சங்கு ஊதிவிடும். மலைமேல் ஏறிப்போன பயணிக்காக ஒரு மணி நேரம் தாமதித்தால், நஷ்டம் ஆயிரக்கணக்கான தார். ஆகவே கரையில் கிடைப்பது ஒரு பகல், சில இடங்களில் அரைப் பகல்.

அந்தக் கம்பெனியின் கை எவ்வளவு நீளம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மத்திய அமெரிக்காவில் ரயில், துறைமுகம், நிலம் என்று சேர்த்துக்கொண்டே போனதால் அங்கே அதற்கு ‘ஆக்டோபஸ்’ என்றே பட்டப்பெயர். கொலம்பியாவில் இந்தக் கப்பல்கள் நின்ற சாந்தா மார்த்தாவுக்குப் பக்கத்தில், 1928இல் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டுக் கொன்றது.

இருந்தும் 1913 ஜனவரியில் நியூயார்க்கிலோ நியூ ஓர்லியன்ஸிலோ நிற்பவருக்கு நான் வாழைக் கப்பலைத்தான் சொல்வேன். அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. இந்தக் கப்பல்கள் பனாமாவின் கோலோன் துறைக்குப் போகும். அங்கிருந்து ரயிலில் போனால் குலேப்ரா வெட்டுக்கு வந்துவிடலாம். மலையையே பிளந்து, அடியில் தண்டவாளம் போட்டு, நீராவி மண்வெட்டிகள் மண்ணை அள்ளிக்கொண்டிருந்த இடம் அது. 1913 அக்டோபர் 10 அன்று கடைசி அணையை வெடிவைத்துத் தகர்த்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டார்கள். அந்தக் கால்வாயின் தரையைக் காய்ந்த மண்ணாகப் பார்க்க அதுதான் கடைசிக் குளிர்காலம். அங்கே தோண்டியவர்களில் பெரும்பாலோர் பார்படோஸ், ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். கரீபியத் தீவுகளைப் புரிந்துகொள்ள அந்தப் பள்ளத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கொப்பரை. ஒரு சின்ன இடைச்செருகல்: உலகம் முழுவதும் வியாபாரிகள் சொல்லும் ‘கோப்ரா’ நம் கொப்பரைதான். மலையாளக் கரையில் போர்ச்சுக்கீசியர் காதில் விழுந்து, அவர்களோடு கப்பலேறிப் பசிபிக் வரை போன சொல். அந்தச் சொல் போன இடத்துக்கே நியூசிலாந்தின் யூனியன் ஸ்டீம் ஷிப் கம்பெனி 1884இல் முதல் தீவு உல்லாசப் பயணத்தை நடத்தியது. 1913இல் ஆக்லாந்திலிருந்து ‘டோஃபுவா’ போன்ற கப்பல்கள் ஃபிஜி, சமோவா, டோங்கா என்று சுற்றிவர ஏறக்குறைய நான்கு வாரம் எடுத்தன. சுவா, லெவுகா, அப்பியா, வவாவு, ஹாப்பாய், நுக்குஅலோஃபா என்று பெயர்களே ஒரு பாட்டு மாதிரி.

கொப்பரை அழுகாது. அதுதான் விஷயம். காய்ந்த தேங்காய்க்கு என்ன அவசரம்? பல இடங்களில் கப்பல் அணையும் துறை கிடையாது. பவளத்திட்டுக்கு உள்ளே நங்கூரம் போட்டு, தோணிகளில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். அந்த நேரம் முழுவதும் பயணிக்குச் சொந்தம். வாழை கரையில் மணிக்கணக்கில் நேரம் தருகிறது என்றால் கொப்பரை நாள்கணக்கில் தருகிறது. வவாவுவில் படகு எடுத்துக் கடல் குகைக்குள் போய்வரலாம். சமோவாவின் அப்பியாவில் 1889 மார்ச் புயலில் பவளத்திட்டில் தூக்கி எறியப்பட்ட ‘ஆட்லர்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூடு கண்ணுக்கு எதிரே கிடந்தது. சவாயி தீவில் மத்தவானு எரிமலை 1905 முதல் 1911 வரை விடாமல் குழம்பைக் கடலில் கொட்டியிருந்தது, அந்தக் கருந்தரை 1913இல் புதிது.

உடல்நலக் கணக்கிலும் இந்தச் சுற்று முந்துகிறது. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு ஃபிஜிக்கும் அதற்குக் கிழக்கே உள்ள தீவுகளுக்கும் போய்ச் சேரவே இல்லை. யானைக்கால் நோய் உண்டு, நடுங்கவைக்கும் காய்ச்சல் கிடையாது. சிட்னியிலிருந்து பர்ன்ஸ் ஃபில்ப் கம்பெனி பப்புவாவுக்கும் சாலமன் தீவுகளுக்கும் நடத்திய பயணங்களோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அந்தப் பக்கம் போனால் கொயினா இல்லாமல் ஒரு நாள் கழியாது. காட்டின் விளிம்பு வரை போகத் துணிந்தவர்களுக்கான வழி அது, விடுமுறைக்கு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கொப்பரைக்கு விலையும் கொடுக்க வேண்டும். அதன் எண்ணெய்ச் சிக்கு வாடை அறை, தலையணை, காலைக் காப்பி எல்லாவற்றிலும் ஏறும். கூடவே கொப்பரை வண்டு. கடிக்காது, கெடுதலும் செய்யாது. ஆனால் படுக்கையிலும் சூப்பிலும் இருக்கும். பழகிப்போகும் என்று போய்வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சுவாவில் இறங்கினால் நமக்கு வேறொரு காரியம் இருக்கிறது. கிராண்ட் பசிபிக் ஹோட்டலை யூனியன் கம்பெனி அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தது, திறந்தது 1914இல். அதை விட்டுவிடலாம். ரேவா ஆற்றில் படகேறி மேலே போனால் நௌசோரி சர்க்கரை ஆலை. 1903 முதல் சென்னைத் துறையிலிருந்தும் ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். வட ஆற்காடு, தஞ்சாவூர், விசாகப்பட்டினம் என்று பல ஊர் மனிதர்கள் கரும்புக் காட்டில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் இருந்தார்கள். உல்லாசப் பயணிக்கு அந்த ஆறு ஒரு பகல் பொழுதுபோக்கு. டோஃபுவாவின் மேல்தட்டிலிருந்து இறங்குகிறவர் அந்த வரிசைக் குடியிருப்புகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த ஒப்பந்த முறை 1920இல்தான் முழுதாக ஒழிந்தது.

இந்தச் சுற்றின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை எப்போதும் தடுத்து நிறுத்துவது ஐந்து வருடம் கழித்து நடந்த ஒன்று. 1918 நவம்பர் 7 அன்று இதே கம்பெனியின் ‘தலூனே’ ஆக்லாந்திலிருந்து அப்பியாவுக்கு வந்தது. கப்பலில் இன்ஃபுளூயன்சா நோயாளிகள் இருந்தார்கள். தடுத்து நிறுத்தாமல் இறங்கவிட்டார்கள். மேற்கு சமோவாவில் ஏறக்குறைய 8,500 பேர், மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், சில வாரங்களில் இறந்துபோனார்கள். கப்பல் அங்கிருந்து டோங்காவுக்கும் போனது. பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் எந்தக் கப்பலையும் கரையோடு ஒட்டவிடாமல் காவல் போட்டார். அங்கே அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. தீவுக்காரர்களுக்கு அந்த மாதாந்தரக் கப்பல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எந்த விளம்பரத்தையும்விட இந்த இரண்டு எண்கள் எனக்கு நன்றாகச் சொல்கின்றன.

கடைசியாகத் தபால். டச்சு இந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், கே.பி.எம். என்ற மூன்றெழுத்துக் கம்பெனி 1891 முதல் அரசாங்க ஒப்பந்தத்தின் பேரில் தபால் சுமந்தது. சுமத்ராவிலிருந்து நியூகினி வரை அதன் கப்பல்கள் போகாத துறை அரிது. தபாலோடு புகையிலை, சர்க்கரை, ஜாதிக்காய், அதிகாரிகள், படைவீரர்கள், சீன வியாபாரிகள், ஹஜ் யாத்திரிகர்கள் எல்லாம் ஏறினார்கள். அறை எடுத்துப் போகும் ஐரோப்பியர் சிலர்தான். மீதிப் பேர் டெக்கில் பாய் விரித்து, சட்டி பானையோடும் கோழிகளோடும் பயணம் செய்தவர்கள்.

தபால் கப்பலின் குணம் கால அட்டவணை. அது யாருக்காகவும் அவசரப்படாது, காத்திருக்கவும் செய்யாது. ஆனால் அடுத்த கப்பல் வரும் நாள் அச்சிட்டிருக்கும். மற்ற மூன்று வழிகளிலும் ஏறிய கப்பலிலேயே முடிய வேண்டும், இதில் மட்டும் பிடித்த ஊரில் இறங்கி வேண்டிய மட்டும் தங்கிவிட்டு அடுத்ததில் ஏறலாம். 1908இல் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அரசு ஆதரவோடு ஒரு சுற்றுலா அலுவலகமும் திறந்து, வழிகாட்டிப் புத்தகம் போட்டு, விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜாவாவில் இறங்கியதும் ரயில். பட்டாவியாவிலிருந்து சுராபயா போக இரண்டு நாள், ஏனென்றால் இரவில் ரயில் ஓடாது. மாவோஸ் என்ற ஊரில் இறங்கித் தூங்கிவிட்டுக் காலையில் ஏற வேண்டும். வழியில் போய்டென்சோர்க்கின் (இன்றைய போகோர்) 1817ஆம் வருடத் தாவரத் தோட்டம், அப்புறம் போரோபுதூர் பௌத்தத் தூபி. தியோடோர் வான் எர்ப் 1907இல் தொடங்கி 1911இல் அதன் சீரமைப்பை முடித்திருந்தார். 1913இல் அதைப் பார்ப்பவர்கள், பல நூற்றாண்டாகச் சரிந்து கிடந்த மேல்தளங்கள் நிமிர்ந்து நிற்பதை முதன்முதலாகப் பார்த்த சிலரில் ஒருவராக இருந்திருப்பார்கள். மலேரியா பயம் இங்கே உண்டு. ஆனால் உலகத்துக்கே கொயினா பட்டை தந்ததும் ஜாவாதான்.

சுராபயாவிலிருந்து பாலியின் வடகரையில் உள்ள புலேலெங் ஓர் இரவுத் தூரம். அங்கே ஏறும் முக்கியச் சரக்கு பன்றி. ஒவ்வொன்றையும் மூங்கில் கூடையில் இறுகக் கட்டி, தோணியில் வைத்துக் கொண்டுவந்து, சங்கிலியில் தூக்கி ஏற்றுவார்கள். பெரும்பாலும் சிங்கப்பூர் சந்தைக்கு. அந்தத் தடத்துக்குப் பிற்பாடு ‘பாபி எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர் விழுந்தது, பாபி என்றால் மலாயில் பன்றி. 1913இல் பாலியில் சுற்றுலா ஹோட்டல் கிடையாது. அதிகாரிகளுக்காகக் கட்டிய பசங்கிரகான் என்ற தங்கல்மனைகளில் இடம் கேட்டுத் தங்க வேண்டும்.

இந்தத் தீவு பயணிகளுக்குத் திறந்த விதத்தையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். 1904இல் ‘ஸ்ரீ குமலா’ என்ற சீன வியாபாரியின் பாய்மரக் கப்பல் சனூர் கரையில் தட்டி நின்றது. ஊர்க்காரர்கள் சரக்கை எடுத்துக்கொண்டார்கள் என்று டச்சு அரசு படுங் மன்னரிடம் நஷ்டஈடு கேட்டது. அவர் மறுத்தார். 1906 செப்டம்பர் 20 அன்று டச்சுப் படை தென்பசார் அரண்மனையை நெருங்கியபோது, மன்னரும் குடும்பமும் பரிவாரமும் வெள்ளை உடுத்தி, நகை பூண்டு, கிரிஸ் கத்தியோடு துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து வந்து மாண்டார்கள். பாலி மொழியில் அது புபுத்தான். 1908 ஏப்ரலில் குளுங்குங்கில் மறுபடியும் அதே மாதிரி. அதிலிருந்து ஆறே வருடத்தில், 1914இல், பாலியின் அழகைப் பாடும் விளம்பரங்கள் வரத் தொடங்கின. அந்த விளம்பரங்களில் ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த நடுவிலுள்ள ஆறு வருடம்தான் என் மனதில் வந்து நிற்கிறது.

ஒரு தமிழர் இந்த நாலு வழிகளில் எதிலாவது உண்மையிலேயே போயிருக்க முடியுமா? பாலினின் கப்பலிலும் வாழைக் கப்பலிலும் அறைப் பயணியாக ஓர் இந்தியரை அன்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கே.பி.எம். வழியில் முடியும், கட்டுப்பாடுகளோடு. டச்சு அரசு சீனரையும் அரபியரையும் இந்தியரையும் ‘அயல் கீழைநாட்டார்’ என்று தனி வகையாகப் பிரித்து, எங்கே குடியிருக்கலாம், எங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. ஆனால் டெக்கில் இடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல் ஓடியது, பினாங்குக்கு எதிர்க்கரை சுமத்ராவின் பெலாவான். அங்கிருந்து மேடான் நகரம் பக்கம்தான். அந்த வட்டாரமான டெலியின் புகையிலைத் தோட்டங்களில் சாலை போடவும் மாட்டுவண்டி ஓட்டவும் போன தமிழர்கள் அங்கே மாரியம்மன் கோயிலே கட்டியிருந்தார்கள். சோறு கேட்டால் கிடைத்திருக்கும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி, நியூயார்க், மூன்று வாரம் என்றால் வாழைக் கப்பல், கோலோன் உட்பட. பாலினின் பெரிய கப்பல் நல்ல சாப்பாடும் நல்ல துணையும் தேடுகிறவர்களுக்கு. ஜூனில் உடம்புக்கு ஓய்வு வேண்டும், நோய் பயம் கூடாது, அவசரம் கூடாது என்றால் டோஃபுவா, கொப்பரை வாடையைப் பொறுத்துக்கொண்டு.

என்னைக் கேட்டால் மே மாத முடிவில் நாகப்பட்டினம். பெலாவானில் இரண்டு நாள், சிங்கப்பூர், பட்டாவியா, மாவோஸில் ஓர் இரவு, போரோபுதூரில் ஒரு விடியற்காலை, சுராபயா. புலேலெங்கில் இறங்கி, மலையைக் கடந்து தெற்கே தென்பசாருக்குப் போய், அரண்மனை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். திரும்பும்போது பன்றிக் கூடைகள் எந்தப் பக்கம் ஏறுகின்றன, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற இடத்தில் டெக்கில் பாயை விரித்துக்கொள்ள வேண்டும்.